சின்ன ஜெட் படகுக்கு எந்த பிளைவுட், எந்த ரெசின்?

துடுப்பு:
11 அடி ஜெட் படகு (அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி ஓடுவது) ஒன்று கட்டத் தொடங்கியிருக்கிறேன். பழைய ஜெட் ஸ்கீயின் இன்ஜினும் பம்ப்பும் கையில் இருக்கின்றன. வரைபடத்தில் அடிப்பாகத்துக்கு 9 மி.மீ., பக்கங்களுக்கு 6 மி.மீ. பிளைவுட் என்று போட்டிருக்கிறது. மரைன் பிளைவுட்டேதான் வேண்டுமா? வீட்டில் பாலியஸ்டர் ரெசின் (பூசினால் இறுகும் பிசின்) ஒரு டப்பா மீதி இருக்கிறது, அதையே பூசிவிடலாமா? அலுமினியம் எனக்குச் சரிவராது, வெல்டிங் தெரியாது.

மரத்தூள்:
பாலியஸ்டரை முதலில் ஒதுக்கி வையுங்கள். என் முதல் படகில் அதைத்தான் பூசினேன். இரண்டாம் வருடம், பம்ப்புக்குத் தண்ணீர் ஏறும் வாயைச் சுற்றித் தட்டிப் பார்த்தபோது ஓர் இடத்தில் மட்டும் பொள்ளல் சத்தம். கத்தி முனையை விட்டு நெம்பினேன். உள்ளங்கை அகலத்துக்கு ஃபைபர் துணியோடு உரிந்து வந்துவிட்டது. உள்ளே மரம் கறுத்து, நகத்தால் கீறினாலே நார் நாராக வந்தது. பாலியஸ்டர் மரத்தை எபாக்சி என்ற இன்னொரு வகை ரெசின் அளவுக்குப் பிடித்துக்கொள்ளாது. மரம் ஈரத்தில் உப்பிச் சுருங்கும்போது விட்டுவிடும்.

ஜெட் படகில் இந்த இடம்தான் உயிர்நிலை. அதிக வேகத்தில் தண்ணீர் பாயும் இடத்தில் நாமே பெரிய ஓட்டை போடுகிறோம். வெட்டிய விளிம்பில் பிளைவுட்டின் எல்லா அடுக்கும் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அந்த விளிம்புக்கு எபாக்சியை உறிஞ்ச உறிஞ்ச மூன்று கோட்டாவது (பூச்சாவது) கொடுங்கள். போல்ட் துளைகளைத் தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டு, மரத்தூள் கலந்த எபாக்சியால் அடைத்து, இறுகிய பிறகு நடுவில் சரியான அளவில் துளையுங்கள். போல்ட் மரத்தைத் தொடவே கூடாது. உள்பக்கம் இன்னொரு 9 மி.மீ. பலகையை ஒட்டி அந்தப் பகுதியை இரட்டிப்பாக்குங்கள். வாய்க்கு முன்னால் ஏரா (அடியின் நடுவில் நீளவாக்கில் ஓடும் கட்டை), பட்டை, திருகுத் தலை எதுவும் துருத்தக்கூடாது; அதில் கிளம்பும் காற்றுக் குமிழி பம்ப்புக்குள் போனால் இன்ஜின் அலறும், படகு நகராது.

பலகைக்கு வருவோம். பி.எஸ். 1088 (மரைன் பிளைவுட்டுக்கான பிரிட்டிஷ் தர அளவுகோல்) முத்திரை இருந்தால் நல்லது. ஆனாலும் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள், அடுக்குகளுக்கு நடுவே சந்து தெரிந்தால் வேண்டாம். துண்டு ஒன்றைப் பல மணி நேரம் கொதிக்க வைத்துக் காய விடுங்கள். பிரிந்தால் அந்தப் பலகை படகுக்கு இல்லை. 8க்கு 4 அடி, 9 மி.மீ. பலகை ஒக்கூமே மரத்தில் 12 கிலோ அளவில் இருக்கும், மெராந்தி மரத்தில் 15ஐ ஒட்டி வரும். ஒக்கூமே இலேசு, அழகாக வளையும், ஆனால் ஈரம் புகுந்தால் சீக்கிரம் உளுத்துவிடும். அடிக்கு மெராந்தி, பக்கங்களுக்கு ஒக்கூமே என்பது என் கணக்கு.

மணல்திட்டு:
ஓட்டப்போவது கல் ஆறா? நியூசிலாந்தில் ஹாமில்டன் என்ற பொறியாளர் 1950களில் ஜெட் படகை உருவாக்கியதே ஆழமில்லாத ஆறுகளுக்காகத்தான், எல்லோருக்கும் அந்த ஆசை வந்துவிடுகிறது. கல்லில் உரசும் என்றால் 9 மி.மீ. போதாது, 12 போடுங்கள், வெளியே ஃபைபர் துணியும் இரண்டு அடுக்கு. அடியில் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் தகடு அடிக்கலாமா என்று கேட்பீர்கள். அதில் பசை ஒட்டாது, திருகுதான் போட வேண்டும். ஒவ்வொரு திருகும் தண்ணீருக்கு ஒரு வழி.

துடுப்பு:
கல் இல்லை, மணல் ஆறுதான். சரி, 9க்கே போகிறேன், ரெசின் எபாக்சிதான். கொதிக்க வைத்ததில் ஒரு துண்டு பிரிந்துவிட்டது, அதை விட்டுவிட்டேன். கோட்டுக்குக் கோட்டு உப்புத்தாள் போட வேண்டுமா?

மரத்தூள்:
முந்தைய கோட்டில் பிசுபிசுப்பு இருக்கும்போதே அடுத்ததைப் பூசினால் வேண்டாம். இறுகிவிட்டால் முதலில் வெறும் தண்ணீரில் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் வரும், கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அது மேலெல்லாம் பரவி அடுத்த கோட்டு பிடிக்காது. கடைசியில் பெயின்ட் அடிக்காமல் விடாதீர்கள், வெயில் எபாக்சியைத் தின்றுவிடும்.