தத்தெடுத்து 12 நாள்தான் ஆகிறது, நாயைத் திருப்பிக் கொடுக்கலாமா?

முறுக்கு வீட்டம்மா:

வணக்கம். நங்கநல்லூரில் இரண்டாவது மாடி ஃபிளாட். நான், கணவர், மாமியார், 9 வயது மகள், நாலரை வயது மகன். 12 நாள் முன்பு ஒரு காப்பகத்திலிருந்து நாட்டு நாய் ஒன்றைத் தத்தெடுத்து வந்தோம். ஆண், இரண்டு வயது இருக்கலாம் என்றார்கள். செவலை நிறம், கரிமூஞ்சி, கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காதில் ஒரு வெட்டு. பள்ளிக்கரணை பக்கம் வண்டி மோதிப் பின்னங்கால் உடைந்து கிடந்ததாம், தூக்கி வந்து தேற்றியிருக்கிறார்கள். வால் சுருண்டிருப்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் முறுக்கு.

காப்பகத்தில் பார்த்தபோது அப்படி ஒரு சாது. மற்ற நாயெல்லாம் கம்பியில் ஏறிக் குதித்துக் குரைக்க, இது மட்டும் மூலையில் படுத்திருந்தது. மகன் தலையைத் தடவினான், அசையவே இல்லை. "குழந்தைங்ககிட்ட நல்லா ஒட்டிக்கும் மேடம்" என்றார் அங்கிருந்தவர். நானும் அன்று சாயங்காலமே ஸ்டேட்டஸ் போட்டு, காசு கொடுத்து வாங்காதீர்கள், தத்தெடுங்கள் என்று ஊருக்கு உபதேசம் வேறு செய்துவிட்டேன். 63 பேர் இதயம் போட்டார்கள். இப்போது அதை நினைத்தால்தான் கூசுகிறது.

முதல் இரண்டு நாள் கட்டிலுக்கு அடியை விட்டு வரவில்லை. மூன்றாம் நாள் மகள் பள்ளிவிட்டு வந்து பையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஹாலில் ஓடினாள். எங்கிருந்துதான் வந்ததோ, பின்னாலேயே துரத்திப் பாவாடையைக் கவ்வி இழுத்துவிட்டது. அவள் அலற, அது குரைக்க, கீழ் வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பிள்ளைகள் ஓடினாலோ, கத்தினாலோ, சோபாவிலிருந்து குதித்தாலோ இதே கதைதான். ஒன்பதாம் நாள் மகன் கீழே விழுந்த ரஸ்க்கை எடுக்கக் குனிந்தான். அதுவும் அதே ரஸ்க்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. உறுமி, பல்லைக் காட்டி, வெடுக்கென்று வாயை விட்டது. கையில் சின்னதாகப் பல் பட்டுச் சிவந்திருந்தது, ரத்தம் இல்லை. கழுவித் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன்.

மகள் இப்போது பாத்ரூம் போக என்னைத் துணைக்குக் கூப்பிடுகிறாள். சோபாவில் இருவரும் காலை மடக்கி ஏதோ வெள்ளத்தில் மாட்டியவர்கள் போல உட்கார்ந்திருக்கிறார்கள். நேற்று மகள் சொன்னாள்: "முறுக்கு வந்ததுலேர்ந்து நான் ஹால்ல டிவியே பாக்கல, நீ கவனிச்சியாம்மா?" நான் கவனிக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், நாயே கூடாது என்று ஒரு வாரம் சாப்பிடும்போது பேசாமல் இருந்த மாமியாரின் காலடியில்தான் அது நாள் முழுக்கக் கிடக்கிறது. அவர் தயிர்சாதம் பிசைந்து வைப்பார், அது சாப்பிடும், அவர் சீரியல் பார்ப்பார், அதுவும் பார்க்கும். அவரிடம் ஒரு தடவைகூட உறுமியதில்லை. அதனால் கெட்ட நாய் என்று சொல்லவும் மனசு வரவில்லை.

கணவர் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்கிறார். அவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவர் ஈசிஆர் கடற்கரைச் சாலை பக்கம் இறக்கிவிட்டு வந்துவிடுங்கள், மீன்காரர்கள் போடுவார்கள் என்றாராம். ஏற்கெனவே ஒரு முறை தெருவில் அடிபட்டது. திரும்பக் காப்பகத்துக்குக் கொண்டுபோனால் அந்த மூலைக்கே போய்விடாதா? கொடுக்கலாமா, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமா?

பெரம்பூர் மாடிவீடு:

அம்மா, நாய் விஷயம் அப்புறம். முதலில் பையனின் கை. பல் பட்டுச் சிவந்தது என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். ரத்தம் வராத கீறலுக்கும் வெறிநாய்க்கடி ஊசி உண்டு. நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறது என்று காப்பகத்தில் சொன்னாலும் சரி, இன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், இலவசம்தான். 0, 3, 7, 28 ஆம் நாள் என்று போடுவார்கள். ரத்தம் வந்திருந்தால் இதோடு காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போட வேண்டியிருக்கும். இனிமேல் இப்படி நடந்தால் குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். எண்ணெய், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். கடித்த நாளிலிருந்து 10 நாள் நாய் கண்ணெதிரே இருக்க வேண்டும். அதனால் அதற்குள் எங்கும் அனுப்பிவிடாதீர்கள்.

இனி முறுக்கு. 11 வருஷமாகப் புதிதாக மீட்ட நாய்களை வீட்டில் வைத்துத் தேற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். மூலையில் அசையாமல் கிடந்ததைச் சாது என்று நினைத்தீர்கள். அது பயத்தில் மரத்துப்போய்க் கிடந்திருக்கிறது. நம்மில் சிலர் ஆஸ்பத்திரி வார்டில் வாயே திறக்காமல் படுத்திருப்பார்களே, அது மாதிரி. வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று நாளில் உடம்பு இளகியதும்தான் உண்மையான நாய் வெளியே வரும். 3 நாள், 3 வாரம், 3 மாதம் என்று நாங்கள் ஒரு தோராயக் கணக்கு சொல்வோம். ஒதுங்கியிருக்க 3 நாள், வீட்டு நடைமுறை பிடிபட 3 வாரம், இது நம் வீடு என்று நம்ப 3 மாதம். நீங்கள் இன்னும் இரண்டாவது வாரத்தில் இருக்கிறீர்கள்.

உறுமியதற்கு அதட்டவோ அடிக்கவோ செய்யாதீர்கள். உறுமல்தான் அது தருகிற முன்னறிவிப்பு. அதை அடித்து நிறுத்தினால் அடுத்த முறை சத்தமில்லாமல் கடிக்கும். உறுமலுக்கு முன்னாலேயே சில சைகைகள் இருக்கும்: தூக்கம் வராமலே கொட்டாவி விடும், உதட்டை நக்கும், தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கும், சட்டென்று உடம்பு விறைக்கும். தலையைத் தடவியபோது அசையவில்லை என்றீர்களே, அதுவும் இந்த ரகம்தான்.

வீட்டைப் பிரியுங்கள். மாமியார் அறை வாசலில் இடுப்பளவு மரத்தட்டி ஒன்று போடுங்கள், அது நாயின் பக்கம். நாய்க்குச் சாப்பாடு தட்டிக்கு அந்தப் பக்கம், பிள்ளைகள் தின்பண்டம் இந்தப் பக்கம். பிள்ளைகள் ஹாலில் இருக்கும்போது நாய் வெளியே வந்தால் பெல்ட் போட்டு ஒரு பெரியவர் கையில். துரத்தினால் ஓடக்கூடாது, கையைக் கட்டிக்கொண்டு மரம் மாதிரி நின்று மேலே பார்க்க வேண்டும். ஓடுகிறது என்பதால்தான் அதற்குத் துரத்தத் தோன்றுகிறது. 9 வயதுக்கு இது வந்துவிடும். நாலரைக்கு வராது. இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடா என்று நீங்கள் எழுதவில்லை. நாயையும் நாலரை வயதுப் பிள்ளையையும் ஒரு நிமிடம்கூடத் தனியே விடாமல் பார்க்க ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வேப்பேரி வரிசை:

ஒடிந்த காலை யாராவது சமீபத்தில் பார்த்தார்களா? எங்கள் வீட்டு நாயும் திடீரென்று இப்படித்தான் சீறியது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தபோது இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தது. வலியோடு இருக்கிற நாய்க்குக் குழந்தைகள் மேலே வந்து விழுவார்களோ என்ற பயம் இருக்கும். முடிவு எடுப்பதற்கு முன் ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

வாயில்லாஜீவன்:

உங்கள் குழந்தை அடம்பிடித்தால் ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்துவிடுவீர்களா? 12 நாளில் அலுத்துப்போகிறவர்கள் ஏன் தத்தெடுக்கிறீர்கள்? ஃபோட்டோ போடத்தானே?

முறுக்கு வீட்டம்மா:

வாயில்லாஜீவன், ஃபோட்டோ போட்டது உண்மை. நானே மேலே எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த வீட்டில் வாயுள்ள ஜீவன் ஒன்று பாத்ரூம் போகப் பயந்து நேற்று ராத்திரி படுக்கையை நனைத்துவிட்டது. 9 வயதுப் பெண். காலையில் அவளே போர்வையைச் சுருட்டி வாஷிங் மெஷினில் போட்டிருக்கிறாள், எனக்குத் தெரியக்கூடாதென்று.

பெரம்பூர் அக்கா, நேற்றே முதல் ஊசி போட்டாச்சு. டியூட்டி டாக்டர் மூன்று நாள் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று நன்றாகவே திட்டினார். நான் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன், ஆனால் மதியம் மூன்று மணி நேரம் மீட்டிங்கில் இருப்பேன். அந்த மூன்று மணி நேரமும் 71 வயது மாமியார் பொறுப்புதான்.

கொளத்தூர்க்காரன்:

சகோதரி, ஈசிஆர் யோசனை சொன்ன நண்பரை முதலில் தள்ளி வையுங்கள். புது ஏரியாவில் இறக்கிவிட்ட நாயை அங்கிருக்கிற நாய்க்கூட்டம் ஒரு ராத்திரி தங்க விடாது. வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960 ஆம் வருட மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 முதல் 50 ரூபாய். மாநகராட்சியில் எங்கள் நாய்க்கு லைசென்ஸ் எடுத்தபோதும் அதே 50 ரூபாய்தான் கட்டினேன். அன்றைக்கு வைத்துக்கொள்ளவும் ஐம்பது, விட்டுவிடவும் ஐம்பது.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். 2019 இல் தத்தெடுத்த நாயை, திருப்பிக் கொடுத்தால் நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்றே எட்டு மாதம் வைத்திருந்தேன். கடைசி இரண்டு மாதம் அது மொட்டைமாடியில் சங்கிலியில். பிள்ளைகள் பயந்தார்கள், அதனால் கட்டினோம். கட்டினதால் இன்னும் குரைத்தது. குரைத்ததால் இன்னும் பயந்தார்கள். இப்படியே சுற்றியது. கடைசியில் திருவள்ளூர் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் கொடுத்தபோது அங்கே ஒரே வாரத்தில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்தது. என் பெண் மட்டும் இன்றைக்கும் தெருவில் நாய்க்குட்டியைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போகிறாள். எட்டு மாதம் நான் வைத்திருந்தது நாய்க்காகவும் இல்லை, பிள்ளைக்காகவும் இல்லை.

கொடுப்பதென்றால் சுத்தமாகச் சொல்லிக் கொடுங்கள். "எங்களுக்கு இடம் பத்தல" என்று மழுப்பாதீர்கள். ஓடுகிற குழந்தையைத் துரத்தும், தீனி பக்கத்தில் வந்தால் பல்லைக் காட்டும், ஒரு தடவை கையில் பல் பட்டது, தேதி இது என்று எழுதியே கொடுங்கள். மறைத்தால் அடுத்த வீட்டிலும் ஒரு நாலரை வயது இருக்கும். தத்தெடுக்கும்போது கையெழுத்துப் போட்ட படிவத்தையும் எடுத்துப் பாருங்கள். எங்களுடையதில் வேறு யாருக்கும் கொடுக்கும் முன் காப்பகத்தைக் கேட்க வேண்டும் என்று இருந்தது.

தீபாவளி வேறு வருகிறது. வெடிச் சத்தத்தில் கதவு திறந்தால் ஓடிவிடும், புது வீட்டுக்குத் திரும்பி வர வழியும் தெரியாது. காலர் பெல்ட்டில் ஃபோன் நம்பர் தொங்கட்டும்.

பெரம்பூர் மாடிவீடு:

கொளத்தூர் தம்பி சொன்னது சரி. அம்மா, உங்கள் கேள்விக்குப் பதில் உங்கள் பதிவிலேயே இருக்கிறது. சீரியல் பார்க்கிற இடத்தில் அது நல்ல நாய். ஓட்டமும் சத்தமும் இல்லாத, வயதானவர்கள் இருக்கிற வீடு தேடுங்கள். அது கிடைக்கும்வரை மரத்தட்டி.

முறுக்கு வீட்டம்மா:

எல்லாரும் கேட்டதால் எழுதுகிறேன். முறுக்கு வந்து ஏழு வாரம் ஆகிவிட்டது, தாமதத்துக்கு மன்னிக்கவும்.

மரத்தட்டி போட்டோம். வேப்பேரியில் எக்ஸ்ரே எடுத்தோம். உடைந்த எலும்பு கோணலாகச் சேர்ந்திருக்கிறது, அழுத்தினால் வலிக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரைக்குப் பிறகு கொஞ்சம் சாந்தமானது நிஜம். தட்டிக்கு அந்தப் பக்கம் அது வாலாட்டும், இந்தப் பக்கம் மகன் கையாட்டுவான். ஆனால் தட்டியைத் திறந்த அன்றே மகள் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அவள் தாழ்ப்பாள் போட்ட சத்தத்தில்தான் நானும் முடிவுக்கு வந்தேன்.

மாமியாரின் அக்கா செம்பாக்கத்தில் தனி வீட்டில் இருக்கிறார். 76 வயது, பேரன் பேத்தி எல்லாம் அமெரிக்கா, கேட் போட்ட காம்பவுண்ட், ஒரு கொய்யா மரம். பெரியத்தை முதலில் வேண்டாம் என்றார். நான் ஒரு முழுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன், ரஸ்க் முதல் பாவாடை வரை. கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "எனக்கு ரஸ்க்கு டாக்டர் வேண்டாம்னுட்டார், பாவாடையும் கட்டறதில்ல, கொண்டு வா" என்றார். காப்பகத்துக்கு ஃபோன் செய்து சொன்னோம். ஒருவர் வந்து கேட்டையும் சுவரையும் பார்த்துவிட்டுப் போனார். குழந்தைகளோடு ஒட்டிக்கும் என்று சொன்ன அதே ஆள்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை, காபி மட்டும் சாப்பிட்டார்.

பத்து நாள் கெடு முடிந்து, தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் முறுக்கு ஆட்டோவில் போனது. அந்த ஸ்டேட்டஸ் போட்ட ஃபோனிலேயே, நாயைக் கொடுத்துவிட்டோம், காரணம் இது என்று இன்னொன்றும் போட்டேன். இதயம் 4.

தீபாவளி அன்று நாங்களும் செம்பாக்கம் போனோம். உள் ரூமில் ஜன்னல் சாத்தி, ஃபேனை முழு வேகத்தில் வைத்து அதைப் படுக்க வைத்திருந்தார்கள். மத்தியானம் வெடி ஓய்ந்தபிறகு கிரில் கேட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டு வந்தார்கள். மகன் ஊசி போட்ட கையை நீட்டி, "பாரு, உன்னாலதான் நாலு ஊசி" என்று காட்டினான். அப்போது மூன்றுதான் ஆகியிருந்தது. மகள் கிட்டே வரவில்லை, ஆனால் காரிலும் உட்காரவில்லை. வாசல் திண்ணையில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

இப்போது வீட்டில் ஒரே ஒரு சிக்கல். புது இடத்தில் நாய் மிரளும், தீபாவளி வரை நான் கூட இருந்துவிட்டு வருகிறேன் என்று மாமியாரும் அதே ஆட்டோவில் போனார். தீபாவளி முடிந்து 19 நாள் ஆகிறது. நேற்று ஃபோன் செய்து பிரஷர் மாத்திரையையும் இரண்டு காட்டன் புடவையையும் கொடுத்தனுப்பச் சொன்னார்.