நேதாஜியோட இந்திய தேசிய ராணுவத்துல இருந்த பெண்கள் படை, ஜான்சி ராணி ரெஜிமென்ட், களத்துல சண்டையே போடலைன்னா அதை ரெஜிமென்ட்னு எப்படி சொல்றது?

ரெண்டாம்பெஞ்ச்:
நேதாஜி பிறந்தநாள் வந்தா போதும், "மலேயா தமிழ்ப் பொண்ணுங்க துப்பாக்கி எடுத்து இம்பால்ல வெள்ளைக்காரனை விரட்டினாங்க"ன்னு ஃபேமிலி குரூப்புல ஃபார்வர்டு வந்துடும். சரி பாப்போமேன்னு உட்கார்ந்து படிச்சேன். இந்தப் படையோட பயிற்சி கேம்ப் திறந்தது 1943 அக்டோபர் 22, சிங்கப்பூர் வாட்டர்லூ தெரு. இம்பால் சண்டை 1944 மார்ச்ல ஆரம்பிச்சு ஜூலைல பின்வாங்கியாச்சு. இவங்க போனது பர்மாவுல மேமியோ வரைக்கும், அங்க பார்த்தது காயம்பட்டவங்களுக்கு நர்சிங். இம்பால் விழுந்தா பின்னாடியே உள்ள நுழையலாம்னு காத்திருந்தாங்க, அது விழவே இல்ல. என்னைக் கேட்டா இது போட்டோவுக்காக உருவான பிரச்சாரப் படை. திட்டறவங்க தேதியோட வந்து திட்டுங்க.

கோப்பித்தூள்:
தேதி எல்லாம் சரிதான் தம்பி, ஆனா முடிவு தப்பு. வாட்டர்லூ தெருவுல சும்மா ஃபோட்டோவுக்கா நின்னாங்க? டிரில், ரூட் மார்ச், ரைஃபிள், பயனெட்னு ஆம்பளைங்களுக்கு என்னவோ அதேதான் இவங்களுக்கும். அதுல பாதிப் பொண்ணுங்க அதுக்கு முன்னாடி தோட்டத்தை விட்டு வெளியவே வராதவங்க. படைத் தலைவி கேப்டன் லட்சுமி டாக்டர், மெட்ராஸ்ல படிச்சவங்க, அவங்களை விடுங்க. கோலாலம்பூர் ஜானகி தேவருக்கு அப்போ 18 வயசு, கம்மலைக் கழட்டி நிதிக்குக் கொடுத்துட்டு படையில சேர்ந்தவங்க, கடைசியில லட்சுமிக்கு அடுத்த இடத்துல நின்னவங்க. எங்களை முன்னணிக்கு அனுப்புங்கன்னு ரத்தத்துல கையெழுத்து போட்டு மனு கொடுத்தாங்கன்னு சொல்லுவாங்களே, போட்டோவுக்கு வந்தவங்க அப்படியா கேப்பாங்க?

ரெண்டாம்பெஞ்ச்:
அக்கா நீங்களே எனக்கு பாயிண்ட் எடுத்துக் கொடுக்கறீங்க. மனு கொடுத்தாங்கன்னா அனுப்பலைன்னுதானே அர்த்தம்! அதே சமயத்துல ரஷ்யாவுல 588வது விமானப் படைப்பிரிவுப் பொண்ணுங்க ராத்திரி ராத்திரி ஜெர்மன்காரன் தலையில குண்டு போட்டுட்டு இருந்தாங்க, அது போர்ச் சேவை. இங்க ஆரம்பமே 1943 ஜூலை 12, புடவை கட்டின பொண்ணுங்க கையில 303 ரைஃபிள கொடுத்து நேதாஜிக்கு அணிவகுப்பு மரியாதை. பிரச்சாரம்னு சொன்னா கோபம் வருது, ஆனா பொறந்ததே அப்படித்தானே.

வத்தக்குழம்பு:
நடுவுல ஒரு சந்தேகம். பெரும்பாலும் தமிழ்ப் பொண்ணுங்க, பேரு ஜான்சி ராணி, கமாண்டு எல்லாம் இந்துஸ்தானி. ஏன் சார், வேலு நாச்சியார்னு வச்சிருந்தா துப்பாக்கி வெடிக்காதா?

கோப்பித்தூள்:
டாப்பிக் மாத்தாதீங்க வத்தக்குழம்பு. 😀 ஆனா கேள்வி நியாயம்தான்.

தோட்டத்துப்பையன்:
நான் மலேசியா, பேராக். ரெண்டு பேரும் "தன்னார்வம்"ங்கற வார்த்தைய ஈசியா தாண்டிப் போறீங்க. 1942, 43ல தோட்டத்துல நிலைமை என்ன? ரப்பர் வாங்க ஆளில்ல, அரிசி இல்ல, மரவள்ளிக் கிழங்குதான் சோறு, ஜப்பான்காரன் தொழிலாளிங்க குடியிருக்கற லயத்துக்கே வந்து சயாம்-பர்மா ரயில் பாதை போட ஆள் பிடிச்சிட்டுப் போறான். எங்க தாத்தாவோட அண்ணன் அப்படி லாரியில ஏறிப் போனவரு, திரும்பல. எங்க பக்கம் வீட்டுக்கு ஒரு கதை இருக்கும். அந்த நேரத்துல சாப்பாடும் யூனிஃபாரமும் கொடுத்து, உன்னையும் மனுஷியா மதிக்கிறோம்னு ஒருத்தன் கூப்பிட்டா அது தேசபக்தியா, பசியா, கங்காணிகிட்ட இருந்து தப்பிக்கிறதா? மூணும்தான்னு நினைக்கிறேன். இதச் சொன்னா அந்தப் பொண்ணுங்களை கேவலப்படுத்தறேன்னு சண்டைக்கு வராதீங்க, என் கண்ணுக்கு இதுலதான் அவங்க பெருசாத் தெரியறாங்க.

இன்னொண்ணு. ரயில் பாதை ரெண்டு பக்கமும் சேர்ந்தது 1943 அக்டோபர் 17. கேம்ப் திறந்தது 22. அஞ்சே நாள். அப்புறம் இவங்களை சயாம் வழியா பர்மாவுக்கு அனுப்பினாங்க, வேற லைன் ஏது, அதே தண்டவாளம்தான். அப்பன், மாமன், அண்ணன் செத்துப்போன கட்டை மேல உட்கார்ந்து போயிருக்காங்க. இது எந்த ஃபார்வர்டுலயும் வராது.

ரெண்டாம்பெஞ்ச்:
இதை நான் யோசிக்கவே இல்ல பாஸ். ஆனா இது துயரம், போர்ச் சேவை வேற.

கோப்பித்தூள்:
சரி உங்க கணக்குக்கே வரேன். 1945 ஏப்ரல் 24 ராத்திரி ரங்கூனை விட்டுக் கிளம்பினாங்க. பிரிட்டிஷ் படை ரங்கூனுக்குள்ள வர பத்து நாள் கூட இல்ல. ராணிகளை (இந்தப் படைப் பொண்ணுங்களை அப்படித்தான் சொல்வாங்க) பத்திரமா அனுப்பாம நான் போக மாட்டேன்னு நேதாஜி அடம் பிடிச்சு, கடைசில அவரும் கூடவே கிளம்பினாரு. பகல்ல தலைக்கு மேல விமானம், அதனால ராத்திரி நடை, லாரி சேத்துல மாட்டிக்கும், சிட்டாங் ஆத்தைக் கடக்கணும், காலெல்லாம் கொப்புளம், பேங்காக் சேர மூணு வாரம் கிட்ட ஆச்சு. அந்தக் கூட்டத்துல ஜானகியும் உண்டு. இதுக்கு நடுவுல ரயில்ல ஊர் திரும்பின ஒரு குழு மேல பர்மா கெரில்லாக்கள் சுட்டதுல ரெண்டு ராணிங்க செத்தாங்க. தோத்துப்போன படை ஒழுங்கு கலையாம பின்வாங்கறது எவ்வளவு கஷ்டம்னு ராணுவத்துல இருக்கற யாரையாவது கேளுங்க. முன்னேறினா மட்டும்தான் போரா? லட்சுமி பர்மாவுலயே பிடிபட்டு 1946 மார்ச்லதான் இந்தியா வந்தாங்க, பிரச்சார பொம்மைய யாரு தம்பி அவ்வளவு நாள் பிடிச்சு வச்சிருப்பாங்க?

வத்தக்குழம்பு:
மொத்தம் எத்தனை பேர்? ஒரு எடத்துல ஐநூறுக்குள்ளன்னு இருக்கு, இன்னொரு எடத்துல ஆயிரத்துக்கு மேலங்கறான்.

தோட்டத்துப்பையன்:
ரெண்டுக்கும் ஆள் இருக்காங்க. பின்வாங்கறப்போ காகிதத்தை எல்லாம் கொளுத்திட்டுதானே போவாங்க, அப்புறம் எண்ணிக்கை எங்க இருந்து சரியா வரும். பேர் வெளிய தெரிஞ்சது இங்கிலீஷ் படிச்ச சில பேருதான், பால்மரம் வெட்டின பொண்ணுங்க திரும்பி வந்து மறுபடி வாளியத் தூக்கிட்டுப் போயிட்டாங்க.

ரெண்டாம்பெஞ்ச்:
சரி. ரெஜிமென்ட் இல்லைன்னு தலைப்புல போட்டதை வாபஸ் வாங்கிக்கறேன், சிட்டாங் நடை எனக்கு நிஜமா தெரியாது. பிரச்சாரம்னு சொன்னதை மட்டும் வாங்க மாட்டேன், அது இருந்துச்சு. இனிமே குரூப்புல அந்த ஃபார்வர்டு வந்தா இம்பால்ங்கற வார்த்தைய அடிச்சிட்டு சிட்டாங்னு திருத்தி அனுப்பறேன், சித்தப்பா திட்டினா திட்டட்டும்.

தோட்டத்துப்பையன்:
அப்படியே அந்த ரயிலையும் சேர்த்துப் போட்டுடுங்க பாஸ்.