7 வாரத்தில் 9 கிலோ குறைத்தேன், 8 மாதத்தில் 11 கிலோ ஏறிவிட்டது. இந்த முறை மெதுவாகக் குறைக்க என்ன வழி?

மல்லிகைக்கொடி:

வணக்கம். வயது 37, உயரம் 158 செ.மீ., இன்று காலை எடை 82. மதுரைப் பக்கம், பள்ளி ஆசிரியை. நாள் முழுக்க நின்றுகொண்டுதான் பாடம் எடுக்கிறேன், ஆனால் அதை நடை என்று கணக்கில் வைக்க முடியாது.

போன வருடம் தங்கை கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் ஒருவர் நடத்தும் ஷேக் கிளப்பில் சேர்ந்தேன். காலையும் இரவும் ஷேக், மதியம் மட்டும் ஒரு கப் சாதம். 7 வாரத்தில் 80 இலிருந்து 71 க்கு வந்துவிட்டேன். ரவிக்கையை டெய்லர் இரண்டு முறை பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. மண்டபத்தில் பார்த்தவர்கள் எல்லாம் என்ன செய்தாய் என்று கேட்க, நானும் பெருமையாகச் சொல்லி இரண்டு பேரைச் சேர்த்தும் விட்டேன் (அவர்கள் இப்போது என்னோடு சரியாகப் பேசுவதில்லை, அது தனிக்கதை).

கல்யாணம் முடிந்தது, ஷேக் டப்பாவும் முடிந்தது, அடுத்த டப்பா வாங்கக் காசு இல்லை. பழைய சாப்பாட்டுக்கு வந்தேன். மூன்றாவது மாதம் தலை சீவினால் சீப்பு நிறைய முடி. எட்டு மாதத்தில் 82. அதாவது ஆரம்பித்த இடத்தைவிட 2 கிலோ கூட. அந்த ரவிக்கை பீரோவில் இருக்கிறது.

இப்போது மெதுவாகக் குறைக்கலாம் என்று முடிவு. மாதம் எத்தனை கிலோ என்றால் சரி? எங்கள் வீட்டில் சமையல் மாமியார் கையில், நான்கு பேருக்கும் ஒரே குழம்பு, எனக்கென்று தனியாக உலை வைக்க முடியாது. தைராய்டுக்கு 50 மைக்ரோகிராம் மாத்திரையும் எடுக்கிறேன். ஜிம் எல்லாம் வேண்டாம், நேரம் இல்லை.

சுக்குக்காப்பி:

தங்கச்சி, எனக்கு வயது 51. 86 இலிருந்து 73 க்கு வர 17 மாதம் ஆனது. கணக்குப் போட்டால் மாதம் ஒரு கிலோகூட இல்லை. அந்தச் சமயம் யாரும் என்ன செய்தாய் என்று கேட்கவே இல்லை, ஏனென்றால் யாருக்கும் தெரியவில்லை. இரண்டு வருடமாக 73, 74 என்று நிற்கிறது.

தனிச்சமையல் தேவையில்லை. எண்ணெயிலிருந்து ஆரம்பியுங்கள். எங்கள் வீட்டிலும் நான்கு பேர்தான். மாதம் முதல் தேதி உடைக்கிற 5 லிட்டர் கேன் மாதக் கடைசிக்குள் காலியாகிவிடும். நாங்கள் ஒன்றும் எண்ணெயில் குளிக்கிற குடும்பம் இல்லை, தாளிப்புக்குக் கேனைச் சாய்த்து நேராக வாணலியில் ஊற்றுவேன், அவ்வளவுதான். அப்புறம் ஒருநாள் எண்ணெய்த் தூக்கில் 100 மி.லி. அளந்து ஊற்றி வைத்து, இன்றைய சமையல் முழுக்க இதற்குள் என்று முடிவு செய்தேன். முதல் வாரம் மதியத்துக்குள்ளேயே தூக்கு காலி, ராத்திரி தோசைக்கு எண்ணெய் இல்லை, வீட்டில் ஒரே சிரிப்பு. பழகப் பழக மாதம் 3 லிட்டரில் நின்றது.

இதில் என்ன ஆகும் என்கிறீர்களா? 2 லிட்டர் மிச்சம், நான்கு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு அரை லிட்டர், அது ஏறத்தாழ 455 கிராம். எண்ணெய் ஒரு கிராமுக்கு 9 கலோரி, ஆக மாதத்துக்கு 4,100 கலோரி. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 என்பார்கள். அதாவது சாதத்தில் ஒரு பருக்கை குறைக்காமல் மாதம் அரைக் கிலோ. குழம்பு ருசி மாறவில்லை. மேலே மிதக்கிற எண்ணெய்தான் இல்லை. நான் ஒன்றும் செய்யாமலே என் வீட்டுக்காரருக்கும் 3 கிலோ குறைந்தது, அவர் அதை வாக்கிங் போனதால் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அப்புறம் டீ. ஒரு நாளைக்கு மூன்று டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, மொத்தம் 30 கிராம், 120 கலோரி. ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், நான் நிறுத்திப் பார்த்து நாலாம் நாள் ஜாங்கிரி வாங்கிச் சாப்பிட்டேன். இரண்டு ஸ்பூன் ஒன்றரை ஆகட்டும், ஒரு மாதம் கழித்து ஒன்று ஆகட்டும்.

சாதம் கரண்டிக் கணக்கு. நான் நான்கு கரண்டி போட்டுக்கொள்வேன், மூன்றாக்கினேன், காலியான இடத்தில் பொரியல் இரண்டு மடங்கு. தட்டு நிறைந்திருந்தால் மாமியாருக்கும் கவலை வராது பாருங்கள்.

வைகைக்கரையான்:

அக்கா சொல்வதெல்லாம் சரி, ஆனால் 17 மாதம் பொறுமை எல்லோருக்கும் இருக்காது. நான் ராத்திரி 8 மணிக்கு வாயை மூடினால் மறுநாள் மதியம் 12 வரை ஒன்றும் கிடையாது. நான்கு மாதத்தில் 7 கிலோ. சிம்பிள். கூடவே சாதத்துக்குப் பதில் தினை, சாமை.

டயட்பிரிவுஇரவல்:

ஒரு மருத்துவமனையில் உணவு ஆலோசனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இந்தக் கதையை மாதம் பத்துப் பேரிடமாவது கேட்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

வாரம் அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை என்பதுதான் பொதுவாகச் சொல்லும் பாதுகாப்பான வேகம். ஆனால் ஒரு கிலோ என்பது உச்சம், இலக்கு இல்லை. உங்கள் உயரத்துக்கு மாதம் ஒன்று முதல் இரண்டு கிலோ தாராளம். முதல் குறி 5 சதவீதம், அதாவது 4 கிலோ, 78 க்கு வந்தால் போதும். சர்க்கரை, பிரஷர் எல்லாம் அந்த அளவிலேயே நல்ல பக்கம் திரும்ப ஆரம்பிக்கும். இடுப்புச் சுற்றளவையும் டேப் வைத்து எழுதி வையுங்கள், நம் ஊர்ப் பெண்களுக்கு 80 செ.மீ. க்குள் என்பது கணக்கு.

ஷேக் குடித்த முதல் வாரத்தில் சட்டென்று குறைந்திருக்குமே, அதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு கிளைக்கோஜன் என்ற வடிவத்தில் மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கிறது, அது ஒரு கிராம் இருந்தால் கூடவே சுமார் 3 கிராம் தண்ணீர். சாப்பாடு திடீரெனக் குறைந்தால் இரண்டும் சேர்ந்து போகும், சாதம் திரும்பினால் இரண்டும் சேர்ந்து வரும். முடி கொட்டியதும் அதே கணக்குதான், உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி வந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி உதிரும். பொதுவாகத் திரும்ப முளைத்துவிடும். ஷாம்புவை மாற்றிப் பயனில்லை. கொட்டுவது இன்னும் நிற்கவில்லை என்றால் ரத்தசோகையையும் தைராய்டையும் பார்த்துவிடுங்கள். வேகமாகக் குறைப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பும் கூடுகிறது.

ஷேக்கே விஷம் என்று நான் சொல்ல மாட்டேன். பிரிட்டனில் டைரக்ட் என்று ஒரு ஆய்வு, 2017 இல் முடிவு வந்தது, சர்க்கரை நோயாளிகளுக்கு நாளைக்கு ஏறக்குறைய 850 கலோரி மட்டும், எல்லாம் ஷேக்கும் சூப்பும், மூன்று முதல் ஐந்து மாதம். ஒரு வருட முடிவில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்திருந்தது. ஆனால் அங்கே கூடவே மருத்துவக் குழு இருந்தது, ஷேக் முடிந்தபின் பல வாரம் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டுக்குத் திருப்பினார்கள், அதற்கு அப்புறமும் மாதாமாதம் பார்த்தார்கள். உங்கள் கிளப்பில் டப்பா முடிந்த மறுநாள் என்ன சாப்பிடுவது என்று யாராவது சொன்னார்களா? அந்த இடத்தில்தான் 11 கிலோவும் ஏறியது, உங்கள் மனஉறுதிமேல் பழி போடாதீர்கள்.

புரதத்தைக் கவனியுங்கள். நாளைக்கு 60 கிராம் பக்கம் வரட்டும், இல்லையென்றால் கொழுப்போடு தசையும் கரையும். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்று நம்ப வேண்டாம், நம் சாம்பாரில் முக்கால்வாசி தண்ணீர். இரண்டு முட்டையில் 12 கிராம், ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 13, 14 கிராம், தயிர், மீன். இதோடு வாரம் இரண்டு மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதையே 10 தடவை, மூன்று சுற்று செய்தாலும் தசைக்கு வேலைதான். முட்டி வலி இருந்தால் மட்டும் மேஜையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. எடை நன்றாகக் குறைந்தபின் அளவைச் சரிபார்க்க டாக்டரிடம் காட்டுங்கள், நீங்களாகக் கூட்டிக் குறைக்க வேண்டாம்.

வைகைக்கரையான் அவர்களுக்கு: 16 மணி நேரம் சாப்பிடாமல் இருந்ததால் உங்கள் டிபனும் ராத்திரி நொறுக்குத்தீனியும் போயிற்று, மொத்தம் குறைந்தது, எடை இறங்கியது. அது பிடித்திருந்தால் தொடருங்கள். ஆனால் கிளிமெபிரைடு மாதிரி சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு நாளை காலை டிபனை விட்டுவிடாதீர்கள், சர்க்கரை தாழ்ந்து மயக்கமாகிவிடும், முதலில் டாக்டரிடம் பேசுங்கள். தினை, சாமை நல்லதுதான், நார்ச்சத்து கூட, சீக்கிரம் வயிறு நிரம்பும். ஆனால் வேகவைக்காமல் 100 கிராம் நிறுத்தால் அரிசியும் அவையும் கலோரியில் கிட்டத்தட்ட ஒன்றுதான். எங்களிடம் வந்த ஒருவர் சிறுதானியம் என்பதால் அளவில்லாமல் சாப்பிட்டு 2 கிலோ ஏறியிருந்தார்.

வைகைக்கரையான்:

சரி, மாத்திரை விஷயம் நான் யோசிக்கவில்லை. என் மாமா அந்த மாத்திரைதான் எடுக்கிறார், அவருக்கும் இதையே சொல்லியிருந்தேன். இப்போதே போன் போடுகிறேன்.

மல்லிகைக்கொடி:

எல்லோருக்கும் நன்றி. ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். எண்ணெயை அளப்பதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன், நம் சமையலைக் குறை சொல்கிறாள் என்று ஆகிவிடக் கூடாதே. கடைசியில், எண்ணெய் விற்கிற விலைக்கு மாதம் எவ்வளவு ஆகிறது பார்க்கலாம் அத்தை என்றேன். இப்போது தூக்கில் அளப்பது அவர்தான், மிச்சம் பிடிப்பதில் எனக்கே அறிவுரை சொல்கிறார்.

82 இலிருந்து 79.8. ஆனால் ஒரு சந்தேகம். போன ஞாயிறு ஒரு காதுகுத்து விருந்து, திங்கள் காலை மெஷினில் 81.1. அழுகையே வந்துவிட்டது. வியாழன் மறுபடி 79.9. மெஷின் கோளாறா?

சுக்குக்காப்பி:

மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. விருந்துச் சாப்பாட்டு உப்பு, அப்பளம், ஊறுகாய், எல்லாம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். மாதவிலக்குக்கு முன்னாலும் இப்படித்தான் ஒரு கிலோ ஏறி இறங்கும். தினமும் பார்த்தால் ஏழு நாள் சராசரி போடுங்கள், இல்லையென்றால் வாரம் ஒரே கிழமை, காலையில், சாப்பிடும் முன். மெஷினை மிதியடி மேல் வைக்காமல் வெறும் தரையில் வையுங்கள். விருந்துக்கு மறுநாள் மட்டும் ஏறி நிற்காதீர்கள், நான் அன்றைக்கு அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவேன்.