மாத வருமானம் எவ்வளவு என்று கடல்பாசிக்காரரிடம் கேட்டால்: கள ஆய்வுக்குப் போனவர்களும் வந்தவர்களிடம் மாட்டியவர்களும்

வேதாளைக்காரி:

ஒரு கேள்வி கேட்கத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் சித்தி பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கிறவர். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், அவ்வளவுதான் அவர்கள் கடலில் இறங்கும் நாள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு முங்குவார்கள். மரிக்கொழுந்து என்கிற பாசி கிடைத்தால் நல்ல காசு, கட்டக்கோரைப் பாசி என்றால் எடைக்குத்தான் ஆகும். சின்ன வயதிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்ததால் இதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

வெளிநாட்டில் முதுகலை படித்தபோது கோடை விடுமுறையில் ஏழு வாரம் கள ஆய்வு உண்டு. ஐந்து பேர் கொண்ட குழுவாக தான்சானியாவின் சான்சிபார் தீவுக்கு அனுப்பினார்கள். அங்கே பெண்கள் வளர்க்கும் பாசியை வாங்கி, சோப்பு மாதிரி பொருளாக்கி விற்கும் லாப நோக்கமில்லாத ஒரு சமூகத் தொழில் அமைப்பு இருந்தது. அது சொல்கிற நன்மை உண்மையிலேயே நடக்கிறதா என்று பார்த்து எழுதுவதுதான் எங்கள் வேலை.

முதல் நாள் கரைக்குப் போனதும் சிரிப்பு வந்துவிட்டது. நம் மண்டபத்தில் மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கிறோமே பெப்சிப் பாசி, அதேதான். அங்கே அதற்குப் பெயர் காட்டோனி. 1980களின் கடைசியிலேயே அந்தத் தீவுக்கு வந்துவிட்டது. இங்கே 2000-க்குப் பிறகு பெப்சி நிறுவனம் இறங்கியதால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அங்கே மிதவை கிடையாது. ஆழமில்லாத மணலில் குச்சி நட்டு, குச்சிக்குக் குச்சி கயிறு இழுத்து, கயிற்றில் பாசித் துண்டுகளைக் கட்டிவிடுகிறார்கள். தண்ணீர் வற்றும்போது நடந்தே போய்ப் பார்ப்பார்கள்.

எங்கள் கேள்வித்தாளில் ஏழாவது கேள்வி: கடந்த 30 நாளில் பாசியால் உங்களுக்கு எவ்வளவு கிடைத்தது? மொழிபெயர்ப்பாளர் கேட்டதும் அந்த அம்மா பதில் சொல்லாமல் திருப்பி ஏதோ கேட்டார். அதில் 'பம்வுவா' என்ற ஒரு சொல் மட்டும் என் காதில் விழுந்தது. அப்படியென்றால் என்ன என்று விசாரித்தேன். அமாவாசை, பௌர்ணமிக்குத் தண்ணீர் நன்றாக ஏறி நன்றாக வற்றுமே, அந்த நாட்கள். 'எந்த பம்வுவாவைக் கேட்கிறீர்கள்?' என்பதுதான் அவர் கேட்டது. சித்தி கேட்டிருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பார்.

கிட்டத்தட்ட ஆறு வாரத்துக்கு ஒருமுறை அறுக்கிற பயிருக்கு நாங்கள் 30 நாள் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தோம். முந்தின வாரம் அறுத்தவர் பணக்காரராகத் தெரிந்தார், அடுத்த வாரம் அறுக்கப்போகிறவர் சுழியம். குழுவில் ஒருவர் 'பதில்கள் நம்பும்படி இல்லை' என்று எழுதியே வைத்துவிட்டார். கேள்வியை மாற்றச் சொல்லி இரண்டு நாள் சண்டை போட்டேன். கடைசி அறுப்பு எப்போது, காய்ந்த பிறகு எத்தனை கிலோ, யாருக்குக் கொடுத்தீர்கள், கிலோ என்ன விலை, கடன் கழித்துக் கையில் வந்தது எவ்வளவு என்று மாற்றி, பேசியவர்களிடமே மறுபடி போனோம். அதே அம்மா இந்தத் தடவை கேட்கக் கேட்க விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே போனார்.

இன்னொன்று. அமைப்பு கொடுத்த பட்டியலில் இப்போது உறுப்பினராக இருப்பவர்கள் மட்டுமே இருந்தார்கள். பழைய பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் பாதிப் பெயர்கள் அடிக்கப்பட்டிருந்தன. அவர்களில் சிலரைத் தேடிப் போனோம். கடல் சூடேறி காட்டோனி செத்துப்போகிறது, சூட்டைத் தாங்குகிற ஸ்பினோசம் என்ற வகைப் பாசிக்கு விலை இல்லை, நாளெல்லாம் குனிந்து இடுப்பு போனதுதான் மிச்சம் என்றார்கள். ஒழுங்காக நடக்கிற அமைப்புதான் அது, குறை சொல்லவில்லை. ஆனால் விட்டுப்போனவர்களைக் கேட்காமல் எழுதியிருந்தால் எங்கள் அறிக்கை விளம்பர நோட்டீஸாகத்தான் இருந்திருக்கும்.

இப்போது என் கேள்வி. நம் கரைக்கும் இப்படி மாணவர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். அவர்களோடு போனவர்கள், அவர்களுக்குப் பதில் சொன்னவர்கள் இங்கே இருப்பீர்கள். உங்களுக்கு என்ன நடந்தது?

மண்டபம் மொழிபெயர்ப்பு:

அக்கா, நான் பாவம் செய்தவன். கல்லூரி முடித்து வேலை இல்லாமல் இருந்தபோது ஒரு மாதம் இந்த மொழிபெயர்ப்பு வேலை பார்த்தேன். சாப்பாடு போட்டு நாள் கூலி. பாக் நீரிணைப் பக்கம் மிதவை போடுகிற மகளிர் குழுக்களுக்கு உதவும் ஓர் அமைப்பை மதிப்பிட வந்திருந்தார்கள். நல்ல பிள்ளைகள். வெயிலில் தோல் உரிந்து சிவந்துபோனாலும் ஒரு நாளும் ஓய்வு கேட்டதில்லை.

தன்னம்பிக்கையை 1 முதல் 5 வரை மதிப்பெண்ணாகச் சொல்ல வேண்டும். ஒரு ஆத்தா என்னைப் பார்த்து, 'அஞ்சுதான் பெருசுன்னா அஞ்சே போட்டுக்க தம்பி, வெயில் ஏறுது'. அன்றைக்கு வந்த பதில்களில் பாதி இப்படித்தான்.

மறக்கவே முடியாதது வேறொன்று. வீட்டில் பெரிய செலவை முடிவு செய்வது யார் என்று ஒரு கேள்வி. நான், கணவர், இருவரும், மற்றவர் என்று நான்கு கட்டம். ஒரு அக்கா யோசிக்கவே இல்லை, 'யாபாரிதான்' என்றார். முன்பணம் கொடுத்து வைத்திருக்கிற வியாபாரி. மகள் காதுகுத்தா, கொட்டகைக்கு ஓலை மாற்றணுமா, அவரிடம் போய் நின்று, அவர் தந்தால்தான் செலவு. அதற்குப் பதிலாகப் பாசி அவருக்கே போகும், அவர் சொன்ன விலைக்கு. இதை எந்தக் கட்டத்தில் போடுவது? நான் 'மற்றவர்' என்று போட்டேன். பிறகு அறிக்கையைப் பார்த்தால், 'மாமியார் முதலான மூத்த உறவினர்களின் ஆதிக்கம்' என்று ஒரு பத்தி. அந்த அக்காவுக்கு மாமியாரே கிடையாது.

ஓரத்தில் இரண்டு வரி எழுதிவைத்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் தெரியும். தப்பு என்னுடையதுதான்.

ஓலைக்குடிசை:

அம்மாவுக்கு மேலே உள்ளதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். அவுக சொன்னதை அப்படியே எழுதுறேன்.

'மூணு வருசம் மூணு கூட்டம் வந்தாக. முதல்ல ஒரு தாளை நீட்டி, விருப்பப்பட்டுத்தான் பேசுறியன்னு கையெழுத்துப் போடச் சொன்னாக. கையெழுத்துப் போட்ட எந்தத் தாளும் நமக்கு நல்லது செஞ்சதில்லை, அதனால அப்பவே பயம். அப்புறம், தீவுப் பக்கம் பாசிக்குப் போவியளான்னு கேட்டாக. அங்க போகக் கூடாதுன்னு வனத்துறை தடை, அதனால இல்லவே இல்லைன்னுட்டேன். அங்கனதான் நாளெல்லாம் கிடக்கோம். ஆனா அந்தத் தாள் வனத்துறை கையில போனா யார் பதில் சொல்றது? போட்டோ எடுத்தாக. நல்லா சிரிச்சேன். அன்னைக்கு பௌர்ணமிக்கு மறுநா, தண்ணி நல்லா வத்தியிருந்துச்சு. இறங்கியிருந்தா கூலி கிடைச்சிருக்கும். அறிக்கைன்னு ஒண்ணு வந்துச்சாமே, அதுல என்ன எழுதியிருக்குன்னு யாராச்சும் சொல்லுங்க.'

கணக்கு எழுதியவன்:

ஆய்வு செய்யப்பட்ட பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இந்த மாவட்டக் கடலோரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஆறு வருடம் கணக்கு எழுதினேன். பெயர் வேண்டாம். நல்லவர்கள்தான், எனக்குச் சம்பளம் போட்டவர்கள்.

வெளிநாட்டு மாணவர்கள் வருகிறார்கள் என்றால், யாரைப் பேசவைப்பது என்ற பட்டியலை முதல் நாள் இரவே நாங்கள் தயார் செய்துவிடுவோம். நன்றாகப் பேசுகிறவர், கடன் கட்டி முடித்தவர், மகளைக் கல்லூரிக்கு அனுப்பியவர். மறைக்க வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்குக் கிடையாது. விருந்தாளிக்கு நல்ல மீனை எடுத்துவைக்கிற மாதிரி. ஒரே ஒரு பெண் மட்டும் 'உறுப்பினர் பதிவேட்டைக் கொடுங்கள், நாங்களே சீட்டுக் குலுக்கி எடுத்துக்கொள்கிறோம்' என்றாள். எங்கள் ஒருங்கிணைப்பாளர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

வருகிற காலத்தையும் சொல்ல வேண்டும். அவர்கள் படிப்புக்கு விடுமுறை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. நம் பக்கம் விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஜூன் முதல் வாரம் வந்து கேட்டால் வீடு காய்ந்து கிடக்கும். ஜூலையில் கேட்டால் படகு போய்வந்து கொஞ்சம் காசு புழங்கும். ஆனால் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசுவதால் தென்கடலில் பாசிக்கு இறங்கவே முடியாத நாட்கள் வரும். ஒரு வருடம் முதல் கணக்கெடுப்பு தடைக்காலத்திலும் அடுத்த கணக்கெடுப்பு ஜனவரியிலும் நடந்தது. குடும்ப வருமானம் கிடுகிடுவென ஏறியிருந்தது. அந்தப் பெருமையை எங்கள் நிறுவனம் எடுத்துக்கொண்டது. ஏற்றம் தடை நீங்கியதால் வந்தது என்று எனக்குத் தெரியும். நன்கொடையாளருக்குப் போன ஆண்டறிக்கையில் அந்த ஏற்றத்தைக் காட்டும் வரைபடப் பட்டையை வரைந்தவனே நான்தான்.

இதற்கு மருந்து, திட்டத்தில் சேராத ஊரையும் சேர்த்துக் கேட்பதுதான். அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2019-ல் மைக்கேல் கிரெமரோடு பொருளாதார நோபல் வாங்கியது இந்த மாதிரி ஒப்பீட்டு வேலைக்காகத்தான். ராஜஸ்தான் உதய்ப்பூரில் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது ஒன்று உண்டு. ஒன்றுமே செய்யாத ஊர்களில் முழுத் தடுப்பூசி போட்ட குழந்தைகள் 6 சதவீதம். தவறாமல் முகாம் நடத்திய ஊர்களில் 18. முகாமோடு ஊசிக்கு ஒரு கிலோ பருப்பும் கொடுத்த ஊர்களில் 39. அந்த 6 தெரியாமல் இருந்திருந்தால் 39 என்பது பெரிதா சிறிதா என்று யார் சொல்ல முடியும்? ஏழு வாரம் வருகிற பிள்ளைகளால் இவ்வளவு பெரியதைச் செய்ய முடியாது, ஒத்துக்கொள்கிறேன். பக்கத்து ஊரில் குழுவில் சேராத பத்துப் பேரிடமாவது பேசியிருக்கலாம்.

இன்னொரு ஒப்புதல். பாசி எடுக்கும் நாளைக் குறைத்துக் கடலைக் காக்கிறார்கள் என்று 2015-ல் பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் லட்சுமி மூர்த்திக்கு, தீவுகளின் இயற்கையைக் காக்கும் சீகாலஜி என்ற அமைப்பின் விருது கிடைத்ததே, நினைவிருக்கும். அது அந்தப் பெண்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. அந்த வருடம் எங்கள் அறிக்கையிலும் 'கடல் வளப் பாதுகாப்பு' என்று ஒரு பக்கம் முளைத்தது. எங்களுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

கீழக்கரை காக்கா:

எல்லாரும் இப்படி ஏசினால் பிள்ளைகள் பாவம். நான் பார்த்த இரண்டு பேர் வேறு மாதிரி. கேள்வித்தாளை மூன்றாம் நாளே மூட்டை கட்டிவிட்டு, கடையில் ஒரு தொங்கு தராசு வாங்கி வந்தார்கள். கரையில் பெண்கள் காயவைத்துக் கட்டிய மூட்டையை நிறுத்து எழுதிக்கொண்டார்கள். அதே மூட்டை வியாபாரி கொட்டகையில் எவ்வளவு என்று பார்த்தார்கள். மண் கழிவு, ஈரக் கழிவு என்று அங்கே குறைவது எவ்வளவு என்று மூட்டை மூட்டையாகத் தெரிந்துவிட்டது. அவர்கள் ஊருக்குப் போன பிறகும் தராசு இங்கேயே இருந்தது. இப்போது குழுப் பெண்களே நிறுத்துவிட்டுத்தான் கொண்டுபோகிறார்கள். வியாபாரியும் முகம் பார்த்துக் கழிப்பதில்லை. மண்ணில் போடாமல் வலை விரித்துக் காயவைக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

அறிக்கை என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது. தராசு இருக்கிறது.

வேதாளைக்காரி:

காக்கா, அந்தத் தராசுக் கதைக்கு நன்றி, நானும் செய்திருக்க வேண்டியது அது. மண்டபம் தம்பி, 'யாபாரி' என்ற பதிலை நான் என் வகுப்பில் சொல்லலாமா?

ஓலைக்குடிசை, அம்மாவிடம் சொல்லுங்கள். என் பழைய கல்லூரியிலிருந்து ஒரு குழு நம் பக்கம் வருகிறது. தேதியைப் பார்த்தால் சரியாக அமாவாசை. நான்கு நாள் தள்ளி வரச்சொல்லி எழுதினேன். விமானச் சீட்டு எடுத்தாகிவிட்டதாம்.

ஓலைக்குடிசை:

அம்மா சொல்றாக: 'அப்ப பகல்ல வர வேணாம். சாயந்தரம் கரையில பாசியை விரிக்கையில வரச் சொல்லு. கூட நின்னு விரிச்சாகன்னா பேசிக்கிட்டே வேலை முடியும்.'