பிரஷர் கன்னா, வாளியா? கடல் காத்துப் படுற பைக்கை எப்படிக் கழுவுறது

வெள்ளவத்தை_150:
கொழும்பில கடலோர மரைன் டிரைவ் பக்கத்து ஃபிளாட்டில, வெளியில நிக்கிற பைக். முன்னுக்கு டிஸ்க் பிறேக், பின்னுக்கு டிரம் பிறேக். மே மாசத்துக்குப் பிறகு காத்து கடலில இருந்து திரும்பினா ரெண்டே நாளில டேங்க் பிசுபிசுக்குது, நட்டுத் தலையெல்லாம் துருப் பூக்குது. கிழமைக்கு ஒருக்கா சேர்விஸ் ஸ்டேஷனில பிரஷர் அடிக்கிறதா, வாளித் தண்ணியில கழுவுறதா? எது நல்லம்?

கொட்டாஞ்சேனை_ரைடர்:
சேர்விஸ் ஸ்டேஷன்தான். உப்பு போய் ஒட்டுறது மட்கார்ட்டுக்கு அடியில், பின் சில்லைத் தாங்கிற ஸ்விங் ஆர்ம் மூலையில், எஞ்சின் ஃபின்களுக்கு நடுவில், ஸ்டாண்ட் ஸ்பிரிங் கொழுவுற இடத்தில். ஒன்றிலும் கை போகாது. வாளியோடு நிற்கிறவர் டேங்க்கையும் சீட்டையும் மினுக்கிவிட்டுப் போவார், அடிப்பக்கம் அப்படியே கிடக்கும். துரு கண்ணுக்குப் படாத இடத்தில்தான் தொடங்கும். கன்னை அடித்தால் 10 நிமிஷத்தில் எல்லாம் போய்விடும்.

மருதானை_ஸ்பனர்:
உப்பு ஒளியிற இடங்களைச் சரியாச் சொன்னீங்கள் அண்ணை. எடுக்கிற வழியிலதான் எனக்கு உடன்பாடில்லை. உப்பு தண்ணியில கரையிற சாமான். அதுக்கு அடி தேவையில்லை, தண்ணியும் ஊற நேரமும்தான் தேவை. ஸ்டேஷன் கன் 100 பாருக்கு (அழுத்த அளவு) மேல தள்ளும். வீட்டுக் குழாயில வாறது பெரும்பாலும் 2, 3 பார்தான். சில்லு பெயாரிங்கின்ர ரப்பர் சீல் மழைக்கும் தூசுக்கும் செய்தது, அந்த அடிக்குச் செய்ததில்லை.

இன்னொரு விஷயம். காலி வீதி (Galle Road) ட்ரபிக்கில பிறேக் பிடிச்சுப் பிடிச்சு வந்தா பின் டிரம்மும் ஹப்பும் (சில்லின்ர நடுப்பகுதி) கொதிச்சிருக்கும். இறங்கின உடனே பச்சைத் தண்ணி அடிச்சா உள்ளுக்கு இருக்கிற காத்து சுருங்கும். சுருங்கிற காத்து சீல் விளிம்பால தண்ணியை உள்ளுக்கு இழுக்கும். கிரீஸ் பால் மாதிரி வெளுத்து, கொஞ்ச நாளில சில்லு இரையத் தொடங்கும்.

ஹேண்டில் திரும்புற பெயாரிங்கான கோன் செட்டும் அப்பிடித்தான். சின்ன பைக்குகளில கீழ் கோனுக்கு ஒரு தூசு மூடிதான் காவல். முன் சில்லைத் தூக்கி வைச்சு ஹேண்டிலை ஒரு விரலால மெல்லத் திருப்பிப் பாருங்கோ. நேர் நடுவில ஒரு பள்ளத்தில விழுந்து நிக்கிற மாதிரி இருந்தா கோன் போயிட்டுது.

கொட்டாஞ்சேனை_ரைடர்:
அது கன்னின் பிழை இல்லை, பிடிக்கிறவரின் பிழை. விசிறி மாதிரி விரியிற வாய் போட்டு, 1 மீற்றர் தள்ளி நின்று, ஹப்புக்கு நேரே பிடிக்காமல் அடித்தால் பெயாரிங்குக்கு ஒன்றும் ஆகாது. வாளி மட்டும் பெயின்ட்டை விட்டு வைக்குமா? மணல் ஒட்டின துணியை அதே வாளியில் நனைத்து டேங்க்கில் தேய்த்தால் வெயிலில் சிலந்தி வலை மாதிரிக் கீறல் தெரியும்.

மருதானை_ஸ்பனர்:
கீறல் விஷயத்தில நீங்கள் சொல்லுறதுதான் சரி. அதாலதான் துணி படமுதல் தண்ணி ஓட வேணும். எஞ்சின் ஆற 30 நிமிஷம் நிழலில விடுங்கோ. சாவித் துவாரத்துக்கு டேப், சைலன்சர் வாய்க்குப் பொலித்தீன் பை. ஸ்டார்ட் பண்ணமுதல் பையை எடுக்க மறந்தா எஞ்சின் பிடிக்காது. பிறகு மேலிருந்து கீழ குழாய்த் தண்ணி விட்டு 5 நிமிஷம் ஊற விடுங்கோ. உப்பில பெரும் பங்கு அதோட போயிடும்.

வாளி ரெண்டு வேணும். ஒண்டில 5 லீட்டர் தண்ணிக்கு ஒரு மூடி வாகன ஷாம்பு, மற்றதில துணி அலச வெறும் தண்ணி. டேங்க், சீட்டுக்கு ஒரு துணி, சில்லுக்கும் எஞ்சினுக்கும் வேற துணி. ரெண்டும் கலக்கப்படாது. உடுப்புத் தோய்க்கிற பவுடர் காரம் கூடினது, மெழுகுப் பூச்சையும் கழட்டிப் போடும். அண்ணை சொன்ன மூலைகளுக்கு நீளப் பிடி வைச்ச பிரஷ் போகும்.

கொட்டாஞ்சேனை_ரைடர்:
மட்கார்ட் அடியில் காய்ந்து இறுகின சேறு பிரஷுக்கு அசையாது. அந்த இடத்துக்குக் கன்தான்.

மருதானை_ஸ்பனர்:
மட்கார்ட் அடிக்கு மட்டும் எண்டால் சரி. பக்க மூடிக்கு மட்டும் வேண்டாம். அதுக்குப் பின்னால எயார் ஃபில்டர். ஸ்டேஷனுக்குப் போய் வந்த பைக் இழுக்கேல்லை எண்டால் ஃபில்டர் பெட்டிக்குக் கீழ தொங்கிற சின்ன ரப்பர் குழாயை அமத்திப் பாருங்கோ. தண்ணி சொட்டினா கடதாசி ஃபில்டர் நனைஞ்சிருக்கு. ஸ்பார்க் பிளக் மூடியையும் கழட்டித் துடைக்க வேணும். பல்சர் மாதிரி 2 பிளக் உள்ளதுகளில ஒண்டு நனைஞ்சாலும் எஞ்சின் ஓடும், ஆனா இழுவை குறையும். ஆக்கள் அதைக் காபரேற்றர் பிழை எண்டு நினைச்சுக் கழட்டுவினம்.

பொரளை_செயின்:
செயினைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. கழுவ முதல் பெற்றோல் கொஞ்சம் எடுத்து, சென்டர் ஸ்டாண்டில் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு பிரஷைப் பிடித்தால் 2 நிமிஷத்தில் பளபளக்கும்.

மருதானை_ஸ்பனர்:
தம்பி, தயவுசெய்து இதை ஒருத்தரும் செய்யாதேங்கோ. ஓடுற செயினில பிரஷ் சிக்கினா துணியும் விரலும் சேர்ந்து ஸ்புரொக்கட் பல்லுக்குள்ள போகும். கிளச்சைப் பிடிக்கக்கூட நேரம் கிடையாது. எஞ்சின் நிப்பாட்டி, சாவியை எடுத்துப் பொக்கற்றில போட்டு, நியூட்ரலில சில்லைக் கையால சுத்திச் செய்யுங்கோ.

பெற்றோலும் வேண்டாம். அதின்ர ஆவி காத்தை விடப் பாரம், ஃபிளாட் பேஸ்மென்ட்டில தரையோட தேங்கி நிக்கும். ஒரு பொறி போதும். செயின் பிளேட்டுகளுக்கு நடுவில கறுத்த ரப்பர் வளையம் தெரிஞ்சா அது ஓ-ரிங் செயின். பெற்றோல் அந்த வளையத்தைக் கெடுக்கும். உள்ளுக்குக் கொம்பனி அடைச்ச கிரீஸ் வெளியால போனா திருப்பிப் போட வழியில்லை.

கொட்டாஞ்சேனை_ரைடர்:
இதில் நான் ஸ்பனர் பக்கம். மண்ணெண்ணெய் 100 மில்லி போதும், அதுவும் எஞ்சின் ஆறின பிறகு. சில்லுக்கும் செயினுக்கும் நடுவில் ஒரு கார்ட்போட் மட்டையைச் செருகிவிட்டால் டயரில் தெறிக்காது. பிரஷ் போட்டுத் துணியால் துடைத்து, 15 நிமிஷம் காயவிட்டு, 90 கியர் ஓயிலைச் செயினின் உள்பக்கத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு சொட்டு விட்டால் சரி. மிச்சத்தைத் துடைக்காவிட்டால் மணல் ஒட்டி அரம் மாதிரித் தேய்க்கும். ஊத்தை மண்ணெண்ணெய்யைக் கானுக்குள் ஊற்றாதீர்கள், வெள்ளவத்தைக் கால்வாயால் நேரே கடலுக்குத்தான் போகும். போத்தலில் அடைத்து கராஜில் பழைய ஓயிலோடு கொடுக்கலாம்.

மருதானை_ஸ்பனர்:
நல்லாச் சொன்னீங்கள். கழுவி முடிய மினுக்கத்துக்கு டீசல் கலவை அடிக்கிற இடங்களும் இருக்கு. அதை வேண்டாம் எண்டு முதலே சொல்லிப்போடுங்கோ. ரப்பர் உறைகள் ஊதும், தூசு ஒட்டும், டிஸ்க்கில ஒரு துளி பட்டாலும் பிறேக் பிடிக்காது. பிறேக் பாட் அதை உறிஞ்சினா பாட்டை மாத்துறதுதான் வழி.

வெள்ளவத்தை_150:
ஃபிளாட் பார்க்கிங்கில குழாய் இல்லையே, என்ன செய்யிறது? கழுவினவுடன பிறேக் பிடிக்கேல்லை எண்டும் சொல்லுகினம்.

மருதானை_ஸ்பனர்:
பூச்செடிக்கு அடிக்கிற 5 லீட்டர் கைப்பம்ப் ஸ்பிரேயர் புதுசா ஒண்டு வாங்குங்கோ, கிருமிநாசினி பாவிச்சது கூடாது. ரெண்டு தரம் நிரப்பினா உப்புக் கழுவப் போதும். பிறகு காய்ஞ்ச துணியால துடைச்சு, மூலைகளுக்குச் சைக்கிள் பம்பால காத்தடியுங்கோ. சென்டர் ஸ்டாண்டில நிப்பாட்டி ஹேண்டிலை ரெண்டு பக்கமும் திருப்பி விட்டா ஒளிச்சிருக்கிற தண்ணி வடியும். ஈரத்தோட கவர் போட்டு மூடாதேங்கோ.

ஈர டிரம் முதல் ஒண்டு ரெண்டு தரம் வழுக்கத்தான் செய்யும். மெயின் ரோட்டில ஏறமுதல் ஒழுங்கைக்குள்ளேயே 20 கிலோமீற்றர் வேகத்தில போய், ரெண்டு பிறேக்கையும் மெல்ல நாலஞ்சு தரம் பிடிச்சுப் பிடிச்சு விடுங்கோ. ஈரம் காய்ஞ்சா பிடி பழையபடி வரும். வராட்டி டிரம்முக்குள்ள இருக்கிற பிறேக் ஷூவில ஓயிலோ மண்ணெண்ணெய்யோ பட்டிருக்கு. சில்லைக் கழட்டிப் பாக்கிற மட்டும் ஓடாதேங்கோ.