தனுசுத் திசை விண்மீன்களின் சிவப்பு: தூசினாலா, இயல்பினாலா?

மல்லேசுவரம் வானோக்கி:
பால்வழியின் மையம் இருக்கும் தனுசுப் பகுதி பெங்களூரில் தெற்கே சுமார் 48 பாகை உயரம் வரை ஏறினாலும், முன்னிரவில் அது நன்றாகத் தெரிய வேண்டிய ஆடி, ஆவணி மாதங்களில் மேகம் விடுவதில்லை. ஆகவே வானம் முழுவதையும் அகச்சிவப்பில் அளந்த டூமாஸ் (2MASS) தொகுப்பின் தரவைக் கொண்டு, மையத்துக்கு அருகே ஒரு சிறு பரப்புக்கு நிறம்–பொலிவு வரைபடம் (ஒவ்வொரு விண்மீனின் நிறத்துக்கு எதிரே அதன் பொலிவு) வரைந்தேன். செம்பெருமீன்கள் அளவுக்கு மீறிச் சிவந்திருக்கின்றன. வயதும் உலோகச் செறிவும் (ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்களின் அளவு) தரும் சிவப்பையும், இடையிலுள்ள தூசு ஏற்றும் சிவப்பையும் எப்படிப் பிரிப்பது?

கோரமங்களா அன்பர்:
ஐயா, தனி ஒரு விண்மீனின் நிறத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. கூட்டமாகப் பார்த்தால் முடியும். கருவில் ஹீலியத்தை எரிக்கும் ரெட் கிளம்ப் விண்மீன்கள் நிறத்திலும் உள்ளார்ந்த பொலிவிலும் ஒன்றையொன்று பெரிதும் ஒத்தவை. வால்டர் பாடே 1940களில் ஆராய்ந்த, என்ஜிசி 6522 கோளக் கொத்தைச் சூழ்ந்த, தூசு குறைந்த ‘பாடே சாளரத்தில்’ அவை கே பட்டையில் (சுமார் 2.2 மைக்ரான் அகச்சிவப்பு) 13ஆம் பொலிவெண்ணை (எண் கூடக் கூட மங்கல்) ஒட்டித் திரள்கின்றன. தூசின் விளைவை நீக்கினால் அவற்றின் ஜே–கே நிறம் (அலைநீளம் குறைந்த ஜே பட்டைக்கும் கே பட்டைக்கும் உள்ள பொலிவெண் வேறுபாடு; கூடினால் சிவப்பு) ஏறத்தாழ 0.7. உங்கள் பரப்பில் அதே திரள் 1.7இல் நின்றால், மிகுதியான 1.0 தூசின் கணக்கில் சேரும். பால்வழியின் நடுவே புடைத்திருக்கும் பகுதியான ‘புடைப்பின்’ விண்மீன்களில் பெரும்பாலானவை 1,000 கோடி ஆண்டுக்கு மேற்பட்டவை என்பதால் வயதால் பெரிய குழப்பமில்லை. உலோகச் செறிவால் வரும் மாற்றமும் பத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

ஜெயநகர் வாசகி:
இந்த நிறமிகுதியை ஒளிமறைப்பாக, அதாவது தூசு மறைத்த ஒளியின் அளவாக, மாற்றும் இடத்தில்தான் எச்சரிக்கை தேவை. மையத்தை நோக்கிக் கண்ணுறு ஒளியில் மறைப்பு சுமார் 30 பொலிவெண், அதாவது ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்கு ஒளியே வந்து சேர்கிறது. கே பட்டையிலோ பத்து, பதினைந்தில் ஒரு பங்கு வந்துவிடுகிறது. ஆனால் பாடநூல்களில் உள்ள வழக்கமான மறைப்பு விதி இத்திசைக்குப் பொருந்துவதில்லை. அவ்விதிப்படி கே மறைப்பு ஜே–கே மிகுதியில் 0.69 மடங்கு, மையத்தருகே அளந்து பெற்ற மதிப்பு 0.53 அளவே. மிகுதி 2.0 எனில் இவ்விரண்டுக்கும் இடையே 0.32 பொலிவெண் வேறுபாடு வரும். பழைய விதியை எடுத்தால் விண்மீன்கள் 14 விழுக்காடு அருகில் இருப்பதாகக் கணக்காகும். 26,000 ஒளியாண்டுத் தொலைவில் அது 3,500 ஒளியாண்டுக்கும் மேல். புடைப்பின் நடுவே நீளமாக அமைந்த விண்மீன் திரள் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று அளப்பவர்களுக்கு இது சிறிய பிழையன்று.

மல்லேசுவரம் வானோக்கி:
இருவருக்கும் நன்றி. என் வரைபடத்தில் 14ஆம் பொலிவெண்ணைவிட மங்கலாக எதுவுமே இல்லையே, அதுவும் தூசினாலா?

கோரமங்களா அன்பர்:
இல்லை, அது டூமாஸின் எல்லை. கே பட்டையில் நெரிசலற்ற வானிலேயே அது 14.3 வரைதான் நம்பத்தக்கது. விண்மீன்கள் நெருங்கிய இப்பகுதியில் இன்னும் முன்பே நின்றுவிடும். ஆகவே மிகுதி 2.0 உள்ள பரப்பில் உங்களுக்கு ரெட் கிளம்ப் தென்படவே தென்படாது. சிலியின் பரனால் வானாய்வகத்தில் உள்ள 4.1 மீட்டர் விஸ்டா தொலைநோக்கி 2010 முதல் எடுத்த, விவிவி (VVV) என்னும் அகச்சிவப்பு அளவையின் தரவு பொதுவில் கிடைக்கிறது. அதை இறக்கி, முன்னே குறுக்கிடும் வட்டுப்பகுதி விண்மீன்களை நிறத்தால் விலக்கிவிட்டு வரைந்து பாருங்கள்.