ரைனோ ஸ்கிரிப்ட்: வளைவு சமனாகப் பிரிபடவில்லை, அவசரம்

தெஹிவளை_வரைவு: வணக்கம். ரைனோ என்ற 3டி வரைவு மென்பொருளில் ஸ்கிரிப்ட் எழுதி, ஒரு கைபிடிக்கு 24 கம்பி வைக்க வேண்டும். வளைவைச் சமனாகத்தான் பிரிக்கிறேன். ஆனால் திருப்பத்தில் கம்பிகள் நெருங்கி விடுகின்றன, நேரான பக்கத்தில் பிள்ளையின் தலை போகிற அளவு இடைவெளி. ஸ்கிரிப்ட் போன கிழமைதான் பழகத் தொடங்கினேன். நாளை காலை வெல்டிங்காரருக்கு அளவு கொடுக்க வேண்டும். கெதியாகச் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை_13: எந்த ரைனோ, 7ஆ 8ஆ? எந்த மொழியில், விபி ஸ்கிரிப்டா பைதனா? எழுதிய வரிகளையும் போடுங்கள்.

மில்லிமீற்றர்: கட்டாயம் யூனிட் பிரச்சினைதான். எனக்கு இரண்டு முறை வந்தது. ஃபைல் அங்குலத்தில் இருந்திருக்கும், மாற்றிப் பாருங்கள்.

பழைய_கை: யூனிட் மாறினால் எல்லா இடைவெளியும் ஒரே விகிதத்தில் மாறும், ஒரு பக்கம் மட்டும் நெருங்காது. தம்பி, அடிப்படை தெரியாமல் ஸ்கிரிப்டில் இறங்கினால் இப்படித்தான். முதலில் நேர்ப்ஸ், ரைனோ கோடுகளை வரைகிற கணித முறை, என்றால் என்னவென்று படித்துவிட்டு வாருங்கள்.

தெஹிவளை_வரைவு: ரைனோ 7, மக் கணினி, பைதன். கேர்வ் டொமைனை, அதாவது வளைவின் தொடக்க எண்ணிலிருந்து முடிவு எண் வரையான வீச்சை, 23ஆல் பிரித்து, வருகிற எண்களை இவலுவேட் கேர்வுக்குக் கொடுக்கிறேன், அது எண்ணுக்குரிய புள்ளியைத் தரும். தம்பி இல்லை, தங்கச்சி.

வெள்ளவத்தை_அண்ணா: அதுதான் காரணம், தங்கச்சி. டொமைன் தருவது பராமீற்றர், அதாவது கோட்டில் ஓர் இடத்தைக் குறிக்கிற எண், நீளம் இல்லை. புறக்கோட்டையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, 5 நிமிடத்துக்கு ஒருமுறை பஸ் எங்கே என்று குறித்துக்கொண்டு வாருங்கள். நேரம் சமன்தான், ஆனால் பம்பலப்பிட்டி நெரிசலில் குறிகள் குவிந்து கிடக்கும். வடிவத்தை இழுத்துப் பிடிக்கிற கட்டுப்பாட்டுப் புள்ளிகள் நெருங்கியிருக்கிற திருப்பத்தில் உங்கள் வளையியும் (கேர்வ்) அப்படித்தான் மெதுவாகிறது. டிவைட் கேர்வ் போடுங்கள், அது நீளத்தை அளந்து பிரிக்கும். திறந்த வளையி என்றால் 23 கொடுத்தால் 24 புள்ளி வரும். மூடியது என்றால் 24 கொடுக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனை_13: படிக்கட்டா பல்கனியா? படிக்கட்டில் சரிவு இடையில் மாறினால், கைபிடியின் நீளத்தைப் பிரித்தாலும் மேலிருந்து பார்க்கும்போது சமனாக இராது. பிளானில் பிரித்துவிட்டு மேலே ஏற்றுங்கள்.

இணைந்த_கணிதம்: வளையி என்று எழுதியதற்கு நன்றி. நாங்கள் பள்ளியில் படித்த சொல் அதுதான். தலைப்பையும் மாற்றலாம்.

மில்லிமீற்றர்: தமிழ்நாட்டில் வளைவரை என்கிறார்கள். வளைவு என்றாலும் விளங்குகிறதே.

இணைந்த_கணிதம்: ரைனோவில் வளைந்த கோட்டையும் அளக்கிறோம், அது எந்த இடத்தில் எவ்வளவு வளைகிறது என்பதையும் அளக்கிறோம். இரண்டுக்கும் வளைவு என்றே சொன்னால் எப்படிக் கற்பிப்பது?

பழைய_கை: கொமாண்டைத் தமிழில் அடித்தால் ரைனோ ஓடாது. சொல்லை விடுங்கள்.

இணைந்த_கணிதம்: ரைனோவுக்காகச் சொல்லவில்லை. படிக்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

தெஹிவளை_வரைவு: பல்கனிதான். 23 கொடுத்தேன், 24 கம்பியும் சமனாக வந்துவிட்டது. நன்றி அண்ணா.

கொட்டாஞ்சேனை_13: ஒரு நிமிடம், அது நடுவிலிருந்து நடுவுக்கான அளவு. கம்பியின் தடிப்பைக் கழித்தால் எவ்வளவு இடைவெளி மிஞ்சுகிறது? பிள்ளையின் தலை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அனுப்ப முன் பாருங்கள்.